தசையின் இறுக்கத்தை அளக்கலாமா?

உடலும் நாமும் – மாதாந்தப் பகுதி



"எக்ஸ்றேயில ஒண்டுமில்லையாம் புள்ள."

நாவற்குடாவிலும் அதை அண்டிய கிராமங்களிலும் வீடு வீடாகப் போகின்ற வேலை என்னுடையது. இந்த வசனத்தை எத்தனை வாசல்களில் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஓர் அக்காவுக்கு ஷெல் துண்டு பட்ட தொடை. இன்னொருவருக்கு முறிந்து, கட்டுப்போட்டு, பல மாதம் அசையாமல் கிடந்த முழங்கால். மற்றொருவருக்குக் காயமே இல்லை. பாரிசவாதம் வந்து ஒரு பக்கக் கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிவிட்டது. எலும்பு பொருந்திவிட்டது, புண் ஆறிவிட்டது, படத்தில் குறை இல்லை. ஆனால் "விடியக்க எழும்பினா கால் மரக்கட்டை மாதிரி, நிலத்தில வைக்க ஏலாமக் கிடக்கு" என்கிறார்கள்.

படத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தபிறகு வீட்டிலே என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியும். முதலில் அனுதாபம் குறைகிறது. பிறகு "வேலைக்குக் கள்ளம்" என்று பேச்சு வருகிறது. கடைசியில் அந்தப் பெண்ணே தன் உடம்பைச் சந்தேகிக்கத் தொடங்குகிறாள். கணவனை இழந்து அல்லது தேடிக்கொண்டு, தானே உழைத்துக் குடும்பம் பார்க்கும் பெண்ணுக்கு இந்தச் சந்தேகம் இரண்டாவது காயம்.

சில வாரங்களுக்கு முன் எங்கள் பெண்கள் குழுக் கூட்டத்தில் ஒருவர் கேட்ட கேள்விதான் இந்த மாதம் இதைப்பற்றி எழுத வைத்தது. கனடாவில் இருக்கும் அவருடைய சகோதரிக்குத் தோளில் ஸ்கேன் வைத்து, தசை எந்த அளவு இறுகியிருக்கிறது என்று நிறத்தில் காட்டினார்களாம். "ஸ்கேன் வயித்துப் பிள்ளையப் பாக்கிறதுக்குத்தானே? இறுக்கத்தயும் பாக்கலாமா?" என்று கேட்டார். பார்க்கலாம். எப்படி, அதனால் நமக்கு என்ன பயன், அது எதைச் சொல்லாது என்பவற்றைப் பார்ப்போம்.

எக்ஸ்றே எதைக் காட்டும்?

எக்ஸ்றே எலும்பையும் உலோகத்தையும் நன்றாகக் காட்டும். உள்ளே தங்கிய ஷெல் துண்டு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். தசையோ அதில் வெறும் மங்கல் நிழல். ஆகவே "எக்ஸ்றேயில் ஒன்றும் இல்லை" என்பதன் சரியான பொருள், எலும்பில் முறிவோ விலகலோ தெரியவில்லை என்பதுதான். தசையைப்பற்றி அந்தப் படம் பேசவே இல்லை.

கர்ப்ப காலத்தில் நாம் செய்துகொண்ட ஸ்கேன், கழியொலி கொண்டு செய்வது. மனிதக் காது கேட்க முடியாத அளவு அதிர்வெண் கூடிய ஒலியை உடலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியால் படம் வரைகிறது. கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை. தசை கிழிந்திருக்கிறதா, உள்ளே நீர் அல்லது சீழ் கட்டியிருக்கிறதா, நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கிறதா என்பதை அது காட்டும். ஆனால் சாதாரண ஸ்கேன் காட்டுவது உருவத்தை மட்டுமே. மெதுவான தசையும் இறுகிய தசையும் அதிலே கிட்டத்தட்ட ஒரே மாதிரித் தெரியலாம்.

கை அறிந்த கணக்கு

இறுக்கத்தை அறிய மனிதரிடம் முதலில் இருந்த கருவி கைதான். மாம்பழத்தை அமத்திப் பார்க்கிறோம். வத்தகப்பழத்தைத் தட்டிப் பார்க்கிறோம். பிட்டுக்கு மா குழைக்கும்போது நீர் போதுமா என்று விரல் சொல்லிவிடுகிறது. மருத்துவிச்சி வயிற்றில் கை வைத்துப் பிள்ளையின் தலை எங்கே என்று சொன்னதும் இந்த அறிவினால்தான். மார்பில் கட்டி இருக்கிறதா என்று நம்மை நாமே தடவிப் பார்க்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான். பல கட்டிகள் சுற்றியுள்ள தசையைவிடக் கடினமானவை.

வைத்தியர்களும் இயன்மருத்துவர்களும் கைக் கணக்கையே ஓர் அளவுகோலாக்கினார்கள். 1964இல் ஆஷ்வர்த் என்ற வைத்தியர், நோயாளியின் கை கால்களை மடக்கி நீட்டும்போது எவ்வளவு எதிர்ப்பு இருக்கிறது என்பதற்குப் புள்ளி போடும் முறையை வெளியிட்டார். 1987இல் பொஹானன், ஸ்மித் என்ற இருவர் அதைத் திருத்தினார்கள். 0 என்றால் இறுக்கம் கூடவில்லை. 4 என்றால் மூட்டு அசையவே மறுக்கிறது. இன்றும் உலகெங்கும் பாரிசவாத நோயாளிகளுக்கும் மூளைவாதம் உள்ள பிள்ளைகளுக்கும் இதைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். செலவில்லாத, நல்ல முறை.

ஆனால் குறையும் உண்டு. ஒருவர் 2 போடும் இடத்தில் இன்னொருவர் 3 போடலாம். போன மாதம் பார்த்தவர் மாறிவிட்டால், முன்னேற்றம் உண்டா இல்லையா என்று சொல்வது கடினம். அதோடு, இறுக்கம் மூட்டிலா, தோலிலா, தசையிலா, எந்தத் தசையில் என்பதைக் கை தனித்தனியாகப் பிரித்துச் சொல்லாது. கை அறிந்ததை எண்ணாக்க முடியுமா என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

பொய்க்காலுக்காகத் தொடங்கிய ஆராய்ச்சி

இந்த ஆராய்ச்சியின் ஆரம்பப் படிகளில் ஒன்று பொய்க்காலோடு சம்பந்தப்பட்டது என்று வாசித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நமக்கு மிக நெருங்கிய விடயம் அல்லவா?

பொய்க்கால் போட்டவர்களுக்குத் தெரியும். பாதம் எவ்வளவு அழகாக இருந்தாலும், எஞ்சிய கால் உள்ளே தங்கும் கிண்ணம் பொருந்தாவிட்டால் நடக்க முடியாது. செய்பவர்கள் அதைச் சொக்கெட் என்பார்கள். தசை மெதுவாக உள்ள இடத்தில் பாரத்தைத் தாங்கவைக்கலாம். எலும்பு முட்டும் இடத்தில் வைத்தால் புண் வரும். ஆகவே நல்ல சொக்கெட் செய்ய, எந்த இடத்தில் தசை எவ்வளவு அமுங்கும் என்று தெரியவேண்டும். 1960களில் ஜெய்ப்பூரில் சத்திரசிகிச்சை நிபுணர் பிரமோத் கரண் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய ஜெய்ப்பூர்க் கால் நம் நாட்டுக்கும் வந்தது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிறுவனம் 1980களின் பிற்பகுதியிலிருந்து செயற்கை அவயவங்கள் செய்து கொடுத்துவந்துள்ளது. அங்கெல்லாம் தசையை அளந்தது செய்பவரின் கைதான்.

1987இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் தோமஸ் க்ரூஸ்கொப் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு வழி கண்டார்கள். முழங்காலுக்கு மேலே கால் இழந்தவர்களுக்குக் கணினியின் உதவியோடு சொக்கெட் வடிவமைப்பது அவர்கள் வேலை. தசையை வெளியிலிருந்து மெல்ல அதிரச் செய்து, உள்ளே அது எப்படி அசைகிறது என்பதைக் கழியொலியால் அளந்து, அதன் மீள்தன்மையைக் கணக்கிட்டார்கள். மீள்தன்மை என்றால் அமுக்கி விட்டால் பழைய உருவத்துக்குத் திரும்பும் தன்மை. தளர்ந்திருக்கும் தசைக்கும் முழுப்பலத்தோடு இறுக்கிய தசைக்கும் இடையே பல மடங்கு வித்தியாசம் இருப்பதை அவர்களால் எண்ணாகச் சொல்ல முடிந்தது.

அதே ஹூஸ்டனில் 1991இல் ஜொனதன் ஓபிர் என்பவரின் குழு, மெல்ல அமுக்குவதற்கு முன் ஒரு படம், அமுக்கிய பின் ஒரு படம் எடுத்து, எந்த இடம் கூட அமுங்கியது, எது அமுங்க மறுத்தது என்று ஒப்பிட்டு முழுப் படமாகவே வரையும் முறையை வெளியிட்டது. இதற்கு எலாஸ்ரோகிராபி என்று பெயரிட்டார்கள். 1995இல் லெவின்சனும் சகாக்களும் தொடையின் முன்பக்கத் தசையை அதிரச்செய்து அளந்து, காலில் சுமை கூடக் கூடத் தசையில் அலை ஓடும் வேகமும் கூடுவதைக் காட்டினார்கள். இந்த அறிவு தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஓபிரோடு சேர்ந்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதிய அருண் திட்டை, பின்னர் சென்னை ஐஐடியில் மருத்துவக் கழியொலி ஆய்வுகூடமொன்றை அமைத்து இதே துறையில் மாணவர்களைப் பயிற்றுவித்து வருகிறார்.

தயிர்ச் சட்டியில் ஒரு பாடம்

இன்றைய கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை விளங்கிக்கொள்ள நமது எருமைத் தயிர்ச் சட்டி போதும். சட்டியின் விளிம்பை விரலால் தட்டுங்கள். தயிரின் மேலே ஒரு நடுக்கம் ஓடும். நன்றாக உறைந்த தயிரில் அது வேகமாக ஓடும். சரியாக உறையாத தயிரில் மெதுவாக அசைந்து அசைந்து போகும். நடுக்கம் ஓடும் வேகத்தைப் பார்த்தே தயிரின் இறுக்கத்தைச் சொல்லிவிடலாம்.

தசையிலும் அப்படித்தான். கருவியின் முனை ஒரு பலமான கழியொலித் துடிப்பை உள்ளே அனுப்பி, ஒரு புள்ளியை மிக மெல்லத் தள்ளுகிறது. அது விரலால் தட்டுவது போல. அந்த இடத்திலிருந்து பக்கவாட்டில் ஒரு நடுக்கம் ஓடுகிறது. இதைக் குறுக்கலை என்று சொல்லலாம். உடலுக்குள் சாதாரண ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 1,540 மீற்றர் ஓடும். இந்த நடுக்கமோ தளர்ந்த தசையில் செக்கனுக்குச் சில மீற்றர்தான், அதாவது ஒருவர் நடக்கும் அல்லது ஓடும் வேகம். வேகமான ஒலி, மெதுவான நடுக்கத்தைப் பின்தொடர்ந்து படம் பிடிக்கிறது. 2004இல் பாரிஸில் பெர்கொவ், தந்தர், பிங்க் ஆகியோர் வெளியிட்ட முறையில் ஒரு செக்கனுக்கு ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கப்பட்டன. அதனால்தான் நடுக்கம் ஓடுவதைப் பார்க்க முடிந்தது.

கணக்கு எளிது. நடுக்கத்தின் வேகம் இரண்டு மடங்கானால் இறுக்கம் நான்கு மடங்கு. செக்கனுக்கு 2 மீற்றர் என்றால் இறுக்கம் ஏறத்தாழ 4 கிலோபாஸ்கல். 4 மீற்றர் என்றால் 16. ஒரு கிலோபாஸ்கல் என்பது 10 சென்ரிமீற்றர் ஆழத் தண்ணீர் அடியில் கொடுக்கும் அழுத்தம் அளவானது.

ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். தயிர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. தசை அப்படியல்ல, அது நார் நாராக ஒரே திசையில் அடுக்கப்பட்டது. நாரின் வழியே நடுக்கம் வேகமாகவும் குறுக்கே மெதுவாகவும் ஓடும். ஆகவே கருவியை நாரின் திசையிலே வைத்துப் பார்க்கவேண்டும். முனையை அழுத்திப் பிடித்தாலே தசை இறுகிவிடும். அதனால் ஜெல்லை நிறையப் பூசி, மெல்லத் தொட்டபடி அளப்பார்கள். முழங்கால் மடங்கியிருக்கும்போது ஓர் எண், நீட்டியிருக்கும்போது இன்னோர் எண் வரும். பயத்தில் காலை இறுக்கிக்கொண்டால் அதுவும் எண்ணில் தெரியும். திரையில் வரும் நிறங்களும் எல்லாக் கருவியிலும் ஒன்றல்ல. ஒன்றில் சிவப்பு இறுக்கம், இன்னொன்றில் நீலம் இறுக்கம். நிறத்தை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், ஆறுதலடையவும் வேண்டாம்.

அளந்தபோது தெரிந்தவை

பாரிசவாதம் வந்தவர்களின் பாதிக்கப்பட்ட கைத் தசையையும், மூளைவாதமுள்ள பிள்ளைகளின் கெண்டைக்கால் தசையையும் பல நாடுகளில் அளந்திருக்கிறார்கள். நோயில்லாத தசையைவிட அவை கூடுதலாக இறுகியிருப்பதும், இறுக்கத்தைத் தளர்த்தும் ஊசிமருந்து ஏற்றியபின் எண் குறைவதும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. கையால் சொல்லிவந்ததை எண் ஒப்புக்கொண்டது என்று இதைச் சொல்லலாம்.

நமக்கு இன்னும் பயன்படக்கூடியவை, சாதாரண ஆட்களின் கெண்டைக்காலில் செய்யப்பட்ட சிறிய ஆய்வுகள். 2015இல் வெளியான ஓர் ஆய்வில் 7 நிமிடம் தசையைப் பிடித்துவிட்டார்கள். உடனே இறுக்கம் குறைந்தது. ஆனால் 3 நிமிடம் சும்மா இருந்தபின் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. அதே ஆண்டில் வெளியான வேறோர் ஆய்வில் 5 நிமிடம் தசையை நீட்டிவைத்தபோதும் இறுக்கம் குறைந்தது; 20 நிமிடத்துக்குள் அந்தப் பலன் போய்விட்டது. ஆனால் ஜப்பானில் 5 வாரங்கள் தொடர்ந்து, கிழமையில் பெரும்பாலான நாட்களில் சில நிமிடங்கள் நீட்டல் பயிற்சி செய்தவர்களிடம் இறுக்கம் குறைந்தே இருந்தது.

"பிடிச்சுவிட்டா அப்ப சுகம், பிறகு பழயபடிதான்" என்று நம் அம்மாமார் சொல்வது பொய்யில்லை. ஒருநாள் எண்ணெய் பூசிப் பிடித்துவிட்டு "ஒண்டும் மாறல்ல" என்று கைவிடுவதில் பயனில்லை என்பதும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதற்கு மதிப்பு உண்டு என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

ஆனால் ஆசை காட்டிவிடக் கூடாது. அந்த ஆய்வுகள் காயமில்லாத தசைகளில் செய்யப்பட்டவை. பல மாதம் அசையாமல் கிடந்த தசை நீளத்தில் குறைந்துவிடுகிறது. அதற்குள் நார்த்திசு கூடிவிடுகிறது. நரம்புப் பாதிப்பினால் வந்த நாட்பட்ட சுருக்கத்துக்கு நீட்டல் பயிற்சி மட்டும் பெரிய பலன் தருவதில்லை என்பதை, பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லியுள்ளார்கள். அதற்கு மருந்து, கட்டுப்பலகை, சில வேளை சத்திரசிகிச்சையும் தேவைப்படும். ஆகவே சுருங்குமுன் அசைப்பதே முக்கியம். கட்டு அவிழ்த்த கிழமையிலேயே, பாரிசவாதம் வந்த ஆரம்ப நாட்களிலேயே இயன்மருத்துவரிடம் போகவேண்டும் என்று நாங்கள் மீண்டும் மீண்டும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எண் சொல்லாதது

இங்கே ஒரு சமூகப் பணியாளராக நான் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. இந்தக் கருவி இறுக்கத்தை அளக்கிறது. வலியை அளக்கவில்லை. தசை மெதுவாக இருந்தும் கடுமையாக வலிக்கலாம். நரம்பு பாதித்தவர்களுக்கு, இல்லாத காலும்கூட வலிக்கும். இறுகிய தசை வலியில்லாமல் இருக்கவும் கூடும். மனம் அழுத்தத்தில் இருக்கும்போது தோள், கழுத்துத் தசைகள் நாம் அறியாமலே வேலை செய்துகொண்டிருப்பதும் ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. ஆகவே "எல்லாம் மனசுதான்" என்று யாராவது சொன்னால், மனமும் தசையும் வேறுவேறு வீடுகள் இல்லை என்று அவருக்குச் சொல்லுங்கள்.

ஒரு பெண் சொல்வதை நம்பக் கருவியின் சாட்சி வேண்டும் என்ற நிலைக்கு நாம் போய்விடக் கூடாது. எக்ஸ்றேயைக் காட்டி ஒருவரை நம்பாமல் விட்டதுபோல, நாளை "ஸ்கேனில் எண் சரியாக இருக்கிறது" என்று சொல்லி இன்னொருவரை நம்பாமல் விடக்கூடும். எந்தக் கருவியும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். மற்றக் கேள்விகளை வைத்தியர் நம்மிடம்தான் கேட்கவேண்டும், நாமும் வாய் திறந்து சொல்லவேண்டும்.

எல்லா ஸ்கேன் கருவியிலும் இந்த வசதி இருப்பதில்லை. இருக்கும் இடங்களிலும் கூடுதலாக ஈரலுக்கும் மார்புக் கட்டிக்குமே பயன்படுத்துகிறார்கள். தசைக்கு இன்னும் ஆராய்ச்சியிலேயே அதிகம் பயன்படுகிறது. ஆகவே இதற்கென்று கடன்பட்டுக் கொழும்புக்கு ஓடவேண்டிய தேவை இல்லை. உங்கள் சிகிச்சையை மாற்றக்கூடிய தகவல் இதனால் கிடைக்குமா என்று வைத்தியரிடம் முதலில் கேளுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

1. கிளினிக்குக்குப் போகும்போது "கால் வலிக்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த நேரம் இறுகுகிறது, எவ்வளவு நேரத்தில் இளகுகிறது, எந்த வேலை செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள். "குந்தி இருந்து கிணத்தடியில உடுப்புத் தோய்க்க ஏலா" என்பது வைத்தியருக்கு நல்ல தகவல். ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

2. "படத்தில் ஒன்றும் இல்லை" என்று சொன்னால், "அப்படியென்றால் தசையிலோ நரம்பிலோ ஏதும் இருக்குமா? இயன்மருத்துவரிடம் அனுப்புவீர்களா?" என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை. அதற்கு ஆங்கிலம் தெரியவேண்டியதில்லை.

3. உடம்பில் ஷெல் துண்டோ குண்டுத் துகளோ இருந்தால், எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். அந்தக் கருவி மிகப் பலமான காந்தம். உள்ளே உள்ள இரும்பு அசையவோ சூடாகவோ கூடும். காயம் பட்டு இருபது வருடம் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள். கழியொலி ஸ்கேனில் காந்தம் இல்லை; அதனால் இந்த ஆபத்து அதில் இல்லை.

4. தொடையிலோ இடுப்பிலோ ஸ்கேன் எடுக்க உடுப்பை விலக்கச் சொல்வார்கள். கூச்சத்தினால் பரிசோதனையையே தவிர்க்கும் பெண்கள் நம்மிடையே உண்டு. தாதி ஒருவரோ உங்கள் வீட்டுப் பெண் ஒருவரோ பக்கத்தில் நிற்கவேண்டும் என்று கேளுங்கள். தேவையில்லாத இடத்தைத் துணியால் மூடச் சொல்லுங்கள்.

5. முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர்கள், படுக்கும்போது எஞ்சிய காலுக்குக் கீழே தலையணை வைக்காதீர்கள். சுகமாக இருக்கும், ஆனால் முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடும். முழங்காலுக்கு மேலே இழந்தவர்கள் முடிந்தால் தினமும் சிறிது நேரம் குப்புறப் படுத்திருங்கள். இடுப்பு மடங்கி இறுகாமல் இருக்கும். எஞ்சிய காலின் பருமன் முதல் மாதங்களில் மிகவும் மாறும். சொக்கெட் தளர்ந்தால் அல்லது புண் வந்தால் துணி சுற்றிச் சமாளிக்காமல் செய்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள். அதைத் திருத்தித் தருவது அவர்கள் வேலையின் ஒரு பகுதி.

6. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, கெண்டைக்கால் நொந்தால் பிடித்துவிடவே கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

7. தையல், பாய் பின்னல், நெசவு போன்ற ஒரே இருப்பில் செய்யும் வேலை பார்ப்பவர்கள் அரை மணிக்கொரு தடவை எழும்பித் தோளைச் சுழற்றுங்கள். குழுவாக வேலை செய்யும் இடங்களில் ஒருவர் மணி பார்த்து மற்றவர்களையும் எழுப்பலாம். சிரிப்பாக இருக்கும், ஆனால் பலன் உண்டு.

2017 ஜூன் மாதத்தில் மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடிகள் அகற்றப்பட்ட மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. நிலத்தில் இருந்த வெடிகளை ஒவ்வொரு அடியாகத் தேடி எடுக்க ஆட்களும் கருவிகளும் காசும் வந்தன. அது நல்ல வேலை. உடம்புகளில் தங்கிய துண்டுகளையும், அவற்றைச் சுற்றி இறுகிப்போன தசைகளையும் அதே பொறுமையோடு தேடிப் பார்க்கும் வேலை இன்னும் முடியவில்லை. அந்த வேலையில் கருவிகள் ஒரு பங்கு செய்யும். மிச்சத்தை நாம்தான் செய்யவேண்டும்: பக்கத்து வீட்டு அக்கா "இறுகிக் கிடக்கு" என்று சொன்னால் முதலில் நம்புவது, கிளினிக் நாளன்று அவரோடு கூடப் போவது, அவர் போய்வரும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது.

உங்கள் கிராமத்தில் இயன்மருத்துவ கிளினிக்குக்குப் போவதில் உள்ள சிரமங்களை எங்களுக்கு எழுதுங்கள். பஸ், காசு, கூடப்போக ஆளில்லாமை என்று எதுவானாலும் எழுதலாம். பெயர் போட விருப்பமில்லையென்றால் ஊரின் பெயர் மட்டும் போதும். அடுத்த மாதம் மூளைவாதமுள்ள பிள்ளைகளைத் தூக்கி வளர்க்கும் அம்மாமாரின் முதுகுவலி பற்றிப் பேசுவோம்.